மாரடைப்பும் பக்கவாதமும்: அடைப்பு ஒன்று, அவசரம் இரண்டு

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டவருக்கு ஆஸ்பிரின் கொடு என்கிறார்கள். வாய் கோணிப்போனவருக்கு அதே ஆஸ்பிரினைக் கொடுக்காதே என்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ரத்தக்குழாய் அடைப்புதானே, பிறகு ஏன் இந்த வேறுபாடு? இந்தக் கேள்வியும் இதையொட்டி வழக்கமாக எழும் மற்றக் கேள்விகளும் கீழே. உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இங்கே இருப்பது, அவர் சொல்வதற்குப் பின்னால் உள்ள ஆராய்ச்சியின் கதை.

மாரடைப்பும் பக்கவாதமும் ஒரே நோயா?

பாதி ஆமாம். ஓர் உறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட, அதை நம்பியிருந்த திசு பட்டினி கிடந்து சாகிறது. இதயத் தசையில் நடந்தால் மாரடைப்பு, மூளையில் நடந்தால் பக்கவாதம்.

மீதிப் பாதிதான் சிக்கல். பக்கவாதம் என்ற பெயருக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. சிலருக்குக் குழாய் அடைபடுவதில்லை, வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிகிறது. அடைப்பால் வருவதுதான் அதிகம் என்றாலும் கசிவும் அரிதல்ல. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதே கோணிய வாய், அதே தூக்க முடியாத கை, அதே குழறல். எவ்வளவு அனுபவமுள்ள மருத்துவராக இருந்தாலும் முகத்தைப் பார்த்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அடைக்கும் ரத்தக் கட்டி வரும் வழியிலும் வேறுபாடு உண்டு. மாரடைப்பில் பெரும்பாலும் இதயத் தமனியின் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அந்த இடத்திலேயே ரத்தம் உறைகிறது. மூளைக்கு வரும் கட்டி கழுத்துக் குழாயிலிருந்து வரலாம், இதயத்திலிருந்தே கூடக் கிளம்பி வரலாம். இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு. அதனால்தான் பக்கவாதம் வந்தவருக்கும் ஈசிஜி எடுக்கிறார்கள். "மூளைக்குத்தானே வந்திருக்கிறது, நெஞ்சில் ஏன் ஒயர் ஒட்டுகிறார்கள்" என்று சண்டை போட வேண்டாம்.

ரத்தக் கட்டிதான் காரணம் என்பது எப்போது உறுதியானது?

நினைப்பதைவிடத் தாமதமாக. 1912-ல் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், இதயத் தமனியில் கட்டி அடைத்தாலும் ஆள் பிழைக்கலாம் என்று எழுதினார். அதுவரை அது உடனடி மரணம் என்றே நினைத்திருந்தார்கள். ஆனால் 1970-களில்கூட ஒரு சாரார், கட்டி மாரடைப்புக்குக் காரணமல்ல, தசை செத்த பிறகு விளைவாக வருவது என்று வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். பிணப் பரிசோதனையில் எல்லோருக்கும் கட்டி கிடைக்காததுதான் அவர்கள் கையில் இருந்த சான்று.

வழக்கை முடித்தவர் அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரில் இருந்த மார்க்கஸ் டிவுட். மாரடைப்பு வந்த சில மணி நேரத்துக்குள்ளேயே நோயாளிகளுக்கு ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தார். அந்தக் காலத்தில் அப்படிச் செய்வது ஆபத்து என்றே பலரும் நம்பினார்கள். 1980-ல் அவர் குழு வெளியிட்ட கட்டுரையின்படி, முதல் 4 மணி நேரத்துக்குள் பார்த்தவர்களில் 87 சதவீதம் பேருக்குக் குழாய் முழுசாக அடைபட்டிருந்தது. நேரம் போகப்போக இந்தக் கணக்கு குறைந்தது, சிலருக்குக் கட்டி தானாகவே கரைந்திருந்தது. பிணப் பரிசோதனையில் ஏன் கட்டி தப்பியது என்பதற்கும் அதிலேயே விடை இருந்தது.

கட்டிதான் குற்றவாளி என்று தெரிந்த பிறகு அதைக் கரைக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. கரைக்கும் மருந்தும் கையில்தான் இருந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா உறைந்த ரத்தத்தைக் கரைக்கிறது என்று வில்லியம் டில்லெட் 1933-லேயே எழுதிவிட்டார். அதிலிருந்து வந்ததுதான் ஸ்ட்ரெப்டோகைனேஸ்.

அதற்கு முன்பு என்னதான் செய்தார்கள்?

படுக்க வைத்தார்கள். வாரக்கணக்கில், அசையாமல். வலிக்கு மார்ஃபின். அசையாமல் படுத்திருந்ததாலேயே காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போய் இறந்தவர்களும் உண்டு.

நெஞ்சு வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்கச் சொல்வதற்கு ஆதாரம் என்ன?

1988-ல் வெளியான ஐசிஸ்-2 என்ற ஆய்வு. 17,187 பேர், 417 மருத்துவமனைகள். மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்டவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ், ஒன்றுக்குத் தினம் ஒரு சிறு ஆஸ்பிரின், ஒன்றுக்கு இரண்டும், கடைசிப் பிரிவுக்கு இரண்டுமே இல்லை, வெறும் போலி மருந்து. 5 வாரத்தில் இதய, ரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள் போலி மருந்துப் பிரிவில் 13.2 சதவீதம், இரண்டும் பெற்றவர்களில் 8 சதவீதம். ஆஸ்பிரின் தனியாகவே மரணத்தைச் சுமார் கால் பங்கு குறைத்தது. சில காசுக்குக் கிடைக்கும் மாத்திரை, பாக்டீரியாவிலிருந்து எடுத்த விலையுயர்ந்த மருந்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக நின்றது.

இந்த ஆய்வில் ஒரு வேடிக்கையும் உண்டு. கட்டுரையை வெளியிட்ட இதழ், வயதுவாரியாக, நோய்வாரியாகப் பிரித்து யாருக்கு எவ்வளவு பலன் என்று காட்டச் சொன்னது. சின்னச் சின்னக் கூறாகப் பிரித்தால் கணக்கு ஏமாற்றும் என்பது ஆய்வாளர்களின் கட்சி. சரி என்று ராசிவாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் லேசாகக் கெடுதல் என்று வந்தது, மற்ற பத்து ராசிக்கும் அமோகப் பலன்! இது பிறந்த தேதியை வைத்துப் பார்க்கும் மேல்நாட்டு ராசி. நம் ஜாதகத்தை வைத்துப் பிரித்திருந்தால் வேறு ஏதாவது இரண்டு ராசி மாட்டியிருக்கும். "எங்கள் வகை ஆட்களுக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாதாமே" என்று யாராவது ஆய்வைக் காட்டினால், இந்தக் கதையை நினைத்துக்கொள்ளலாம்.

மாத்திரையை விழுங்காமல் மென்று தின்னச் சொல்வது சீக்கிரம் ரத்தத்தில் கலக்கத்தான். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்களும், வயிற்றில் புண் வந்து ரத்தம் கசிபவர்களும் எடுக்கக் கூடாது.

நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்?

வலியைக் குறைக்கலாம். 58,000-க்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த ஐசிஸ்-4 ஆய்வில், இந்த நைட்ரேட் வகை மருந்து மரணத்தைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. ரத்த அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருப்பவருக்குக் கொடுத்தால் மயங்கி விழுவார். மருத்துவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய, பக்கத்து வீட்டுக்காரரின் டப்பாவிலிருந்து எடுத்துப் போடாதீர்கள்.

ஈசிஜி நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால் நிம்மதியாக இருக்கலாமா?

ஒரே ஒரு ஈசிஜியை வைத்து நிம்மதி அடைய முடியாது. ஈசிஜி அந்த நிமிடத்தின் படம். குழாய் முழுசாக அடைபட்டால் கோட்டில் பெரும்பாலும் தெரிந்துவிடும், பாதி அடைத்துப் பாதி திறந்திருந்தால் தெரியாமலும் போகலாம். அதனால்தான் சிறிது நேரம் கழித்து மறுபடி எடுக்கிறார்கள், கூடவே ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள்.

ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசை அடிபட்டால் ரத்தத்தில் கசிகிறது. 1954 முதல் வேறு நொதிகளை அளந்துதான் மாரடைப்பை ஊகித்தார்கள். அவை கல்லீரலிலும் கை கால் தசையிலும்கூட இருந்ததால் அடிக்கடி ஏமாற்றின. ட்ரோபோனின் பரிசோதனை வந்த பிறகுதான் விரலை இதயத்தின் மீது வைத்துக் காட்ட முடிந்தது. இப்போதைய நுண்ணிய பரிசோதனையில் இரண்டு முறை ரத்தம் எடுத்து, அளவு ஏறுகிறதா என்று பார்த்து, பலருக்கு ஓரிரு மணி நேரத்திலேயே முடிவு சொல்லிவிடலாம். ஏறுமுகம்தான் முக்கியம். வலி தொடங்கிய அரை மணியில் எடுத்த ஒரே ஒரு ரத்த மாதிரி ஒன்றையும் தீர்மானிக்காது.

நீரிழிவு உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் வியர்வை, மூச்சிரைப்பு, களைப்பு என்று வரலாம். பெண்களுக்கு நெஞ்சு வலியோடு குமட்டல், முதுகு வலி, தாடை வலி சேர்ந்து வருவது அதிகம். "கேஸ்தான், ஒரு சோடா குடி" என்ற வீட்டு வைத்தியத்தில் போன நேரம் திரும்பி வராது.

ட்ரோபோனின் உயர்ந்திருந்தால் மாரடைப்பு என்று முடிவா?

இல்லை. சிறுநீரகக் கோளாறு, நுரையீரலில் ரத்தக் கட்டி, கடும் தொற்று, இதயத் தசை அழற்சி எல்லாவற்றிலும் உயரும். அறிகுறி, ஈசிஜி, ஏறி இறங்கும் போக்கு எல்லாம் சேர்ந்தால்தான் முடிவு.

கட்டியைக் கரைக்கும் ஊசி நல்லதா, நேராக பலூன் வைப்பது நல்லதா?

நேரத்துக்குக் கிடைத்தால் பலூன், அதாவது அடைபட்ட இடம்வரை மெல்லிய குழாய் விட்டு, அதிலுள்ள பலூனை விரித்து வழி திறப்பது. இதயம்வரை குழாய் விடலாம் என்று காட்டியவர் வெர்னர் ஃபோர்ஸ்மன். 1929-ல், பெர்லினுக்கு அருகே எபர்ஸ்வால்டே என்ற ஊரில், தன் கை ரத்தக்குழாயைத் தானே கீறி, சிறுநீர்ப் பாதையில் விடும் மெல்லிய குழாய் ஒன்றைத் தன் இதயம்வரை செலுத்தி, நடந்தே போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். 1956-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1977-ல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக் முதன்முதலாக, விழித்திருந்த நோயாளியின் இதயத் தமனியில் பலூனை விரித்தார். அந்தப் பலூன்களின் ஆரம்ப மாதிரிகளை வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து உருவாக்கியவர் அவர்.

2003-ல் 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பலூன் வைத்தவர்களில் குறுகிய காலத்தில் இறந்தவர்கள் 7 சதவீதம், ஊசி போட்டவர்களில் 9 சதவீதம். ஆனால் அந்த வித்தியாசம் ஆஞ்சியோ அறை பக்கத்தில் இருந்தால்தான். இரண்டு மணி நேரத்துக்குள் பலூன் வைக்க முடியாது என்றால், முதலில் ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதே சரி.

இதைத் தமிழ்நாட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். சிறிய மருத்துவமனையில் ஈசிஜி எடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது, தேவையானால் அங்கேயே ஊசி போடுவது, பிறகு ஆம்புலன்ஸில் ஆஞ்சியோ அறைக்குக் கொண்டுபோவது என்று ஒரு வலைப்பின்னல். 2,420 பேரை வைத்து நடந்த இந்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஏற்பாட்டுக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம், பின் 14.2 சதவீதம். புது மருந்து எதுவும் இல்லை, இருந்ததை ஒழுங்காக இணைத்ததுதான். ஆடம்பரக் கருவிகளைவிட இந்த மாதிரி ஆய்வுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டமும் இதே வழிதான். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவற்றின் முதல் டோஸைக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

பக்கவாதத்துக்கும் அதே ஊசியைப் போட வேண்டியதுதானே?

போட்டுப் பார்த்தார்கள், அடி வாங்கினார்கள். இதயத்தைக் காப்பாற்றிய ஸ்ட்ரெப்டோகைனேஸை 1990-களில் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பக்கவாத நோயாளிகளுக்குக் கொடுத்தபோது, மூளைக்குள் ரத்தம் கசிந்து இறந்தவர்கள் அதிகமாகி ஆய்வுகளைப் பாதியில் நிறுத்தினார்கள். பட்டினி கிடந்த மூளையின் குழாய்கள் நொய்ந்துபோயிருக்கும். கட்டியை முரட்டுத்தனமாகக் கரைத்தால் அந்த இடம் பொத்துக்கொள்ளும்.

பிறகு வந்த ஆல்டிப்ளேஸ் மருந்தை 1995-ல் அமெரிக்காவில் 624 பேருக்குச் சோதித்தார்கள். 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று கறாராக இருந்தார்கள். ஊசி பெற்றவர்கள் மூன்று மாதத்தில் ஊனமில்லாமல் எழுந்து நடமாடும் வாய்ப்பு குறைந்தது 30 சதவீதம் கூடியது. கூடவே நோயாளியை மோசமாக்கும் மூளைக்கசிவும் 0.6 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமானது. பலன், அபாயம் இரண்டும் உண்மை. மருத்துவர் கையெழுத்து கேட்பது இதனால்தான். அந்த நேரத்தில் ஊரிலிருக்கும் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் போன் போட்டு ஆலோசித்துக்கொண்டிருந்தால், அபாயம் அப்படியே இருக்கும், பலன் மட்டும் கரைந்துகொண்டே போகும்.

2008-ல் வந்த ஐரோப்பிய ஆய்வு இந்த எல்லையை நாலரை மணி நேரமாக நீட்டியது. இப்போது ஒரே குத்தில் போட்டு முடிக்கும் டெனெக்டிப்ளேஸ் பல இடங்களில் ஆல்டிப்ளேஸின் இடத்தைப் பிடித்துவருகிறது.

அப்படியானால் பக்கவாதத்துக்கு வீட்டில் ஆஸ்பிரின்?

கூடாது. ஸ்கேன் எடுக்கும் முன்பு அது அடைப்பா கசிவா என்று தெரியாது. கசிவாக இருந்தால், ரத்தத்தை உறையவிடாத மாத்திரை எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது. இன்னொன்று, விழுங்கும் தசைகளும் செயலிழந்திருக்கலாம். மாத்திரையோ காப்பியோ தண்ணீரோ நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பிரஷர் மாத்திரையும் வேண்டாம். அடைபட்ட மூளைக்குக் கொஞ்சநஞ்சம் ரத்தம் போவதே அந்த உயர்ந்த அழுத்தத்தால்தான் இருக்கலாம்.

சுருக்கமாக, நெஞ்சுக்கு முதலில் மாத்திரை, தலைக்கு முதலில் படம்.

சிடி ஸ்கேனில் ஒன்றுமே தெரியவில்லை என்றார்கள், ஆனாலும் ஊசி போட்டார்கள். இது என்ன நியாயம்?

இந்தக் கேள்வி வருவது ரொம்ப நியாயம். முதல் சில மணி நேரத்தில் சிடி எடுப்பது அடைப்பைக் கண்டுபிடிக்க அல்ல, கசிவு இல்லை என்று உறுதிசெய்ய. கசிந்த ரத்தம் உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்பால் வாடும் மூளை முதலில் கிட்டத்தட்ட இயல்பாகவே தெரியும். அறிகுறி இருக்கிறது, படத்தில் ரத்தம் இல்லை என்றால் அது பெரும்பாலும் அடைப்பு. 1971-ல் லண்டன் விம்பிள்டனில் உள்ள ஒரு மருத்துவமனையில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம்பிடிக்கும்வரை, உயிரோடு இருக்கும் ஒருவருக்கு இந்தப் பிரிவினையைச் செய்ய எளிய வழியே இல்லை. டிஃப்யூஷன் எம்ஆர்ஐ என்றால் அடைப்பையே நிமிடங்களில் காட்டும், ஆனால் எல்லா இடத்திலும் நள்ளிரவில் கிடைக்காது.

நாலரை மணி நேரம் தாண்டிவிட்டால் அவ்வளவுதானா?

முன்பு அப்படித்தான். இப்போது இல்லை.

கிரகணத்தில் நடுவில் கருநிழலும் சுற்றிலும் மங்கலான புறநிழலும் விழுமே, மூளை அடைப்பும் அப்படித்தான். நடுப்பகுதி சீக்கிரம் செத்துவிடும். சுற்றியுள்ள பகுதி மயங்கிக் கிடக்கும், வேலை செய்யாது, ஆனால் சாகவில்லை. ஆராய்ச்சியாளர்கள் இதற்குப் புறநிழல் என்றே பெயர் வைத்தார்கள். சிகிச்சை முழுவதும் இந்தப் பகுதிக்காகத்தான். சராசரிப் பெரிய அடைப்பில் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று 2006-ல் கணக்கிட்டார்கள். ஆனால் அது சராசரிதான். பக்கத்துக் குழாய்கள் ரத்தம் கடன் கொடுத்தால் ஒருவருக்குப் புறநிழல் பல மணி நேரம் தாங்கும், இன்னொருவருக்கு ஒரு மணியில் முடிந்துவிடும்.

தொடை வழியாகக் குழாய் விட்டு மூளையிலிருந்து கட்டியையே இழுத்து எடுக்கும் சிகிச்சை இந்த நம்பிக்கையில் பிறந்தது. 2013-ல் மூன்று ஆய்வுகள் அடுத்தடுத்துத் தோற்றன. கருவிகள் பழையவை, பெரிய குழாய் அடைபட்டவர்களை மட்டும் தேர்ந்தெடுக்கவுமில்லை. இரண்டு குறையையும் சரிசெய்து நெதர்லாந்தில் 500 பேரை வைத்துச் சோதித்தார்கள். 2015 தொடக்கத்தில் முடிவு வந்தது. பிறர் துணையின்றி வாழும் நிலைக்குத் திரும்பியவர்கள் 19.1 சதவீதத்திலிருந்து 32.6 சதவீதமானார்கள். அந்த ஆண்டே மேலும் நான்கு ஆய்வுகள் இதை உறுதிசெய்தன.

2018-ல் டான் என்ற ஆய்வு, 6 முதல் 24 மணி நேரம் கழித்து வந்தவர்களில் ஸ்கேனில் புறநிழல் மிச்சமிருந்தவர்களைப் பொறுக்கியெடுத்தது. கட்டியை எடுத்தவர்களில் 49 சதவீதம் பேர் சுயமாக வாழும் நிலைக்கு வந்தார்கள், எடுக்காதவர்களில் 13 சதவீதம். கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவம் மூளையையே பார்க்கத் தொடங்கியது. தூங்கி எழும்போதே கை வராமல் இருப்பவரைக்கூட இன்று எம்ஆர்ஐ பார்த்து ஊசிக்குத் தேர்ந்தெடுக்க முடிகிறது. இதைச் சொல்வதில் எனக்கு ஒரு பயமும் உண்டு. "24 மணி நேரம் இருக்கிறதாமே" என்று யாராவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் என்ன செய்வது? புறநிழல் தாங்குகிற அதிர்ஷ்டசாலியா என்பது ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரியும்.

மூளை செல்களைச் சாகாமல் காக்கும் மருந்து வந்துவிட்டதாமே?

இந்தச் செய்தி பல வருடமாக வந்துகொண்டே இருக்கிறது. 2006-ல் ஒரு குழு எண்ணிப் பார்த்தது. அதுவரை பக்கவாதத்துக்கு 1,026 மருந்துகளும் முறைகளும் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டிருந்தன. எலியைக் காப்பாற்றியவை பல, மனிதரிடம் தேறியவை அரிது. அதே ஆண்டு ஒரு மருந்து முதல் பெரிய ஆய்வில் வென்று நம்பிக்கை கொடுத்தது, அடுத்த பெரிய ஆய்வில் பலனே இல்லை. எலி இளமையாக, நோயில்லாமல் இருக்கும். அடைப்பு உண்டான நிமிடம்கூடத் தெரியும். மனிதர் எழுபது வயதில் சர்க்கரையோடு மூன்று மணி நேரம் கழித்து வருவார்.

கை மரத்து, பேச்சு குழறி, பத்து நிமிடத்தில் தானே சரியாகிவிட்டது. விட்டுவிடலாமா?

விடவே கூடாது. கட்டி வந்து, அடைத்து, கரைந்திருக்கிறது. அடுத்தது கரையாமல் போகலாம். ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ராத்வெல் குழு 2007-ல் காட்டியது இது: இப்படி வந்தவர்களுக்கும் லேசான பக்கவாதக்காரர்களுக்கும் உடனுக்குடன் பரிசோதனையும் மருந்தும் தொடங்கியபோது, 90 நாளுக்குள் பக்கவாதம் மீண்டும் வருவது 10.3 சதவீதத்திலிருந்து 2.1 சதவீதமாகக் குறைந்தது. எல்லாம் ஏற்கெனவே இருந்த சாதாரண மருந்துகள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அடுத்த திங்கட்கிழமை அல்ல.

வேகமாக இருமினால் மாரடைப்பு நிற்கும், விரல் நுனியில் ஊசி குத்தினால் பக்கவாதம் போகும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

இரண்டும் பொய். இருமுவதற்கு இருக்கும் மூச்சை 108-க்குப் போன் செய்யப் பயன்படுத்துங்கள்.

வருமுன் காக்க, அடைப்பு இருக்கிற இடத்தில் இப்போதே ஸ்டென்ட் வைத்துவிடலாமா?

மாரடைப்பு வரும்போது, குழாயைத் திறந்தே வைத்திருக்கும் வலைக்கம்பிச் சுருளான ஸ்டென்ட் உயிர் காக்கிறது. நடைபோட்டால் மட்டும் நெஞ்சு இறுகி, ஓய்வெடுத்தால் சரியாகிற நிலையான வலிக்குக் கதை வேறு. 2007-ல் வந்த கரேஜ் ஆய்விலும், 2020-ல் வெளியான, 5,179 பேரைக் கொண்ட இஸ்கீமியா ஆய்விலும், நல்ல மருந்தோடு ஸ்டென்டோ பைபாஸோ சேர்த்ததால் மரணம் குறையவில்லை. வலி குறைந்தது, அதுவும் ஒரு பலன்தான். இடது முக்கியத் தமனி அடைப்பு, பலவீனமான இதயம் போன்றவை இந்தக் கணக்கில் சேராது. 70 சதவீத அடைப்பு என்று படத்தைக் காட்டினால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் மாரடைப்புக்குக் காரணமாகும் திட்டு பல நேரங்களில் படத்தில் பெரிதாகத் தெரியாத ஒன்றாகவே இருக்கிறது. அதை அடக்கிவைப்பது கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும், சிகரெட்டை விடுவதும், பிரஷரையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும்தான்.

நமக்கு மட்டும் ஏன் இளவயதிலேயே வருகிறது?

கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுஃப் தலைமையில், 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-ல் வந்தது. அதில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53, மற்ற நாட்டவர்களுக்கு 59-ஐ ஒட்டி. மரபணுதான் காரணம் என்று தலையில் எழுதிக்கொள்ளத் தோன்றும். ஆனால் புகை, கொழுப்பு, பிரஷர், சர்க்கரை, தொப்பை உள்ளிட்ட 9 காரணங்களே ஆபத்தில் சுமார் 90 சதவீதத்தை விளக்கிவிட்டன. அந்தக் காரணங்கள் நம்மிடம் சீக்கிரமே வந்து சேர்கின்றன.

அவசரத்தில் நான் செய்ய வேண்டியது என்ன?

நெஞ்சு வலி என்றால் நடக்கவிடாமல் உட்கார வைத்து, தடையில்லை என்றால் ஆஸ்பிரின் மெல்லக் கொடுத்து, ஈசிஜி எடுத்து ஊசி போட முடிகிற அருகிலுள்ள இடத்துக்கு. முகம் கோணல், கை தொங்கல், பேச்சுக் குழறல் என்றால் வாயில் எதுவும் கொடுக்காமல், சிடி ஸ்கேன் இருக்கிற இடத்துக்கு. ஸ்கேன் இல்லாத பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் இருப்பதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கிற தவறு. உங்கள் ஊரில் இரவில் எந்த மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கிறார்கள் என்று இன்றே விசாரித்து வையுங்கள்.

ஆம்புலன்ஸில் ஏறும்போது நோயாளியின் மருந்துச் சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறாரா என்று கட்டாயம் கேட்பார்கள். அப்புறம், அறிகுறியை நீங்கள் பார்த்த நேரத்தைச் சொல்லாதீர்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்தைச் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்குப் பார்த்தேன் என்பதற்கும் இரவு பத்து மணிக்கு நன்றாகத்தான் பேசினார் என்பதற்கும் இடையே எட்டு மணி நேரம் இருக்கிறது. ஊசியா, எம்ஆர்ஐயா, கட்டியை எடுப்பதா என்று மருத்துவர் முடிவு செய்வது அந்தக் கணக்கிலிருந்துதான்.